ஏழு மணி நேரம்

ஜூன் 8, சனி

மங்கை இன்று குளித்தாள். எட்டு நாளுக்குப் பிறகு. டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும் என்பதால் நானும் ஆதிரையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குளியலறை வரை கொண்டுபோய் விட்டோம். தலைக்கு ஆதிரைதான் தண்ணீர் ஊற்றினாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் அம்மாவுக்குத் தலை துவட்டிவிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய்விட்டேன்.

டாக்டர் கமருன்னிசா முக்கால் மணி நேரம் எங்களோடு பேசினார். மங்கைக்கு இருதுருவ மனநோய் என்பது பத்து வருடமாகத் தெரிந்ததுதான். ஒரு சமயம் அளவு மீறிய உற்சாகம், இன்னொரு சமயம் இந்தச் சோர்வு. இந்த முறை சோர்வு ஏழு மாதமாக விடவில்லை. நான்கு மாத்திரைகள் மாற்றிப் பார்த்தாயிற்று. இனி காந்தச் சிகிச்சை செய்யலாம் என்றார். தலைக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளை வைத்து மூளையின் முன்பகுதிக்குக் காந்தத் துடிப்புகளை அனுப்புவார்களாம். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம்.

"ஷாக் ட்ரீட்மென்ட்டா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்ல சார், அது வேற. இதுல முழிச்சுட்டேதான் உக்காந்திருப்பாங்க. முடிஞ்சதும் எந்திரிச்சு வீட்டுக்குப் போகலாம். பல பேருக்கு நல்லாவே கேக்குது. ஆனா உங்க வீட்டம்மா விஷயத்துல ரெண்டு ஜாக்கிரதை வேணும். சோர்வுலருந்து தூக்கிவிடப் போயி அந்தப் பக்கம் ஓடிடக் கூடாது. அதனால லித்தியம் மாத்திரைய ஒரு வேளைகூட விடக் கூடாது. ரெண்டாவது, தூக்கம். தூக்கம் குறைஞ்சா அதுதான் முதல் அறிகுறி. அது மட்டும் இல்ல, சரியாத் தூங்காத ஆளுக்கு இந்த மெஷின வச்சா வலிப்பு வர வாய்ப்பு இருக்கு. ரொம்ப அபூர்வம். ஆனா இருக்கு."

கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் மங்கை எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைப் போடுவார்கள்.

"கரெக்டா எழுதுவீங்கல்ல?"

"வானிலை நிலையத்துல பத்தொன்பது வருஷமா எனக்கு அதுதான் டாக்டர் வேலை" என்றேன்.

மழையோ காற்றோ வெப்பமோ, என் கண்ணால் பார்க்காமல் நான் எழுதியதில்லை. அந்தத் தாள் ஆஸ்பத்திரிக்கு. இந்த நோட்டு எனக்கு.

ஜூன் 10, திங்கள்

முதல் நாள். மெஷின் அறையைப் பார்த்துக்கொள்கிற பெண் ஜெசிந்தா. இருபத்தைந்து வயது இருக்கும். மணப்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாளாம். உலோகம் எதுவும் தலைப்பக்கம் இருக்கக் கூடாது என்று மங்கையின் தோட்டையும் மூக்குத்தியையும் அவளே கழற்றினாள். மூக்குத்தியின் திருகு இறுகிப் போயிருந்தது. "வலிக்குதாக்கா? சொல்லுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மங்கை பதில் சொல்லவில்லை. வலிப்பதும் வலிக்காததும் அவளுக்கு இப்போது ஒன்றுதான்.

பல் டாக்டரிடம் இருக்கிற மாதிரி ஒரு சாய்வு நாற்காலி. எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தது போலிருக்கும் சுருளை இடது நெற்றிக்கு மேலே கொண்டுவந்து ஒவ்வொரு துடிப்பாக விட்டுப் பார்த்தாள் ஜெசிந்தா. திடீரென்று மங்கையின் வலதுகைக் கட்டைவிரல் துள்ளியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க சார். எவ்ளோ வச்சா விரல் துடிக்குதுன்னு பாத்துதான் அவங்களுக்கு அளவு எடுப்போம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு."

அப்புறம் சிகிச்சை. மரங்கொத்தி தகரத்தைக் கொத்தினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். நாலு விநாடி கொத்தும், நிற்கும், மறுபடி கொத்தும். கொத்தும்போதெல்லாம் மங்கையின் இடது புருவம் துடித்தது. முப்பத்தேழு நிமிடம். காதில் அடைப்பான் இருந்தும் அவள் கண்ணோரம் ஈரமாகவே இருந்தது. மெஷினால் என்று நினைத்துக்கொண்டேன்.

தூக்கம்: எட்டரை மணி நேரம்.

ஜூன் 12, புதன்

மாற்றம் இல்லை. ஒன்பது மணி நேரம்.

ஜூன் 15, சனி

ஆதிரை கேட்டாள். "நாம பாம்பன்ல இருந்தப்ப அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு? தஞ்சாவூர் பெரியம்மா அதப் பத்தி யார்ட்டயோ போன்ல பேசிட்டிருந்தாங்க. நான் வந்ததும் நிறுத்திட்டாங்க."

"உடம்பு சரியில்லாமப் போச்சும்மா."

"எனக்கு ஏன் அந்த ஊருன்னா தண்ணி மட்டும்தான் ஞாபகம் வருது?"

"கடலுக்குப் பக்கத்துல வீடு. அதான்" என்றேன். இதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 20, வியாழன்

ஒன்பதாவது நாள் சிகிச்சை. மதியம் சாப்பிடும்போது மங்கை தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "கொழம்புல உப்பு இல்ல."

ஏழு மாதமாக நான் எதை வைத்தாலும் தின்றாள், அல்லது தின்னாமல் வைத்தாள். இன்றுதான் குறை சொன்னாள். உப்பு எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஆதிரை அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணி நேரம்.

ஜூன் 25, செவ்வாய்

சிரித்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பாட்டி கோழிக்குஞ்சுப் பெட்டியோடு ஏறி, அதில் ஒன்று தன் முடிக்குள் புகுந்துகொண்ட கதையை ஜெசிந்தா சொல்லிக்கொண்டிருந்தாள். மங்கை சத்தமாகச் சிரித்தாள். ஜெசிந்தா சுருளைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தீங்களா சார்! வேலை செய்யுது சார்!"

வீட்டுக்கு வரும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் வாங்கச் சொன்னாள். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலைமுடி வாசனை எனக்கு மறந்தே போயிருந்தது.

ஏழு மணி நேரம்.

ஜூன் 28, வெள்ளி

இன்று தாளில் ஏழு என்று எழுதினேன். ஐந்துதான்.

ஐந்து என்று எழுதினால் ஜெசிந்தா டாக்டரைக் கூப்பிடுவாள். டாக்டர் இரண்டு நாள் நிறுத்துங்கள் என்பார். இப்போதுதான் ஏறி வருகிறது. ஒருவர் ஒருநாள் ஐந்து மணி நேரம் தூங்குவது என்ன பெரிய விஷயம்? டூட்டி நாட்களில் நானே அவ்வளவு தூங்குவதில்லை. இன்று மங்கை அதிகாலையில் எழுந்து இட்லிக்கு ஊறப்போட்டு, வீடு பெருக்கி, எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்து எழுப்பினாள். ஏழு மாதம் கழித்து அவள் கையால் காபி. அதைக் குறையாக எழுத எந்தக் கட்டமும் அந்தத் தாளில் இல்லை.

ஜூலை 1, திங்கள்

நேற்று எனக்கு இரவு டூட்டி. காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் மாடிக் கொடி நிறைய எங்கள் வீட்டுத் திரைச்சீலைகள், போர்வைகள், மெத்தை உறைகள், போன வருடத்துத் தீபாவளித் துணிகள்கூட. எல்லாம் நன்றாகக் காய்ந்து மொடமொடவென்று இருந்தன. ஆனிக்காற்று அப்படி அடிக்கிறது.

"எத்தன மணிக்கு எந்திரிச்ச?"

"இப்பத்தாங்க. ஏழு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குனேன்" என்றாள். கண்கள் பளபளவென்று இருந்தன. ஏழு என்று எழுதினேன். அவள் சொன்னதைத்தானே எழுதினேன்.

ஜூலை 2, செவ்வாய்

மங்கைக்குப் புதிதாக ஒரு யோசனை. அவள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுப்பவள். திருச்சியில் யாரும் திரும்பிப் பார்க்காத களைச் செடிகளையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகம் போட வேண்டுமாம். மூக்கிரட்டை, குப்பைமேனி, நாயுருவி என்று வீடு முழுக்கப் பழைய பேப்பருக்குள் செடிகள். கட்டிலில் செடி, டிவி மேல் செடி. பேச்சு நிற்கவே இல்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து முடிப்பதற்குள் இன்னொன்றுக்குத் தாவினாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வாய் திறக்காத வீட்டில் ஏழு மாதம் இருந்தவனுக்குத்தான் தெரியும் பேச்சின் அருமை.

தலைமை ஆசிரியை போன் செய்தார். "சார், மங்கையர்க்கரசி டீச்சர் இன்னைக்குக் காலையில மூணு தடவை கூப்பிட்டாங்க. முதல் போன் வந்தப்ப மணி நாலே கால். எல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்காங்க மேடம். ரொம்ப நல்லா இருக்காங்க" என்றேன்.

ஏழு.

ஜூலை 4, வியாழன்

லித்தியம் மாத்திரையைப் போன வாரத்திலிருந்து அவளே எடுத்துக்கொள்கிறாள். "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. இன்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட எட்டு மாத்திரை அதிகமாக இருந்தது. நான் கணக்குத் தவறியிருப்பேன்.

ஜெசிந்தா தாளைப் பார்த்துவிட்டு, "டெய்லி ஏழு மணி நேரமா சார்? கரெக்டா அலாரம் வச்ச மாதிரி!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நாளை ஆறே முக்கால் என்று எழுத வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

சாயங்காலம் மங்கை ஆதிரையை அழைத்துக்கொண்டு பொன்மலைப் பக்கம் செடி பறிக்கப் போனாள். இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். ஆதிரையின் முழங்கால் சிராய்த்து ரத்தம். மங்கை உள்ளே போனதும் என்னிடம் வந்தாள்.

"அம்மா தண்டவாளத்துக்கு நடுவுல உக்காந்து செடி பறிச்சாங்கப்பா. ட்ரெயின் ஹாரன் கேட்டுச்சு. நான் கையப் புடிச்சு இழுத்தேன், வரவே மாட்டேன்னாங்க. 'அது இன்னும் தூரத்துலதான் இருக்கு, இந்த வேரு அறுந்துரும்'னு சிரிக்கிறாங்க. நான் இழுத்த இழுப்புல ரெண்டு பேரும் கல்லுல விழுந்துட்டோம்."

"பக்கத்துத் தண்டவாளமா இருக்கும்மா. அங்க நாலஞ்சு லைன் போகுது."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் டெட்டாலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைகளுக்கு எல்லாம் பெரிதாகத்தான் தெரியும்.

தூக்கம்: மூன்றரை. தாளில்: ஆறே முக்கால்.

ஜூலை 7, ஞாயிறு

கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு நாள் வந்ததில்லை. மூவரும் முக்கொம்பு போனோம். மங்கைக்கு மஞ்சள் சேலை, தலை நிறைய மல்லிகை. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அதற்கே இவ்வளவு சந்தோஷமா என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். வறுத்த மீன் விற்கிற அம்மாவை "அக்கா" என்று கட்டிப்பிடித்தாள். குழந்தைகளோடு ஊஞ்சல் ஆடினாள். என் கையைப் பிடித்து மணலில் இழுத்துக்கொண்டு ஓடினாள். "என்னங்க, நாம எவ்ளோ நாள வீணாக்கிட்டோம்!" என்றாள். எனக்கு நாற்பத்தாறு வயது. மூச்சு வாங்க வாங்க ஓடினேன்.

கிளம்பும்போது பஞ்சுமிட்டாய்க்காரரோடு ஒரு சின்னத் தகராறு. அவர் அவளை ஒருமாதிரிப் பார்த்தாராம். அவர் கம்பைப் பிடுங்கிக் காலில் மிதித்துவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். ஆதிரை பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனாலும் நல்ல நாள். அதை மாற்றி எழுத மாட்டேன்.

ஜூலை 8, திங்கள்

பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஆதிரை செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "அம்மா நேத்து தூங்கவே இல்ல. அதுக்கு முந்துன நாளும் சரியாத் தூங்கல. உங்களுக்குத் தெரியும்."

"சத்தம் போட்டுப் பேசாத."

"டாக்டர்ட்ட சொல்லுங்கப்பா."

"சொல்லிருக்கேன்" என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. மங்கை வழியெல்லாம் பேசினாள். ஜெசிந்தா தாளை வாங்கிப் பார்த்தாள். ஏழு மணி நேரம், என் கையெழுத்து. இருந்தும் மங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா கொஞ்சம் படபடன்னு இருக்காங்களே சார். நல்லாத் தூங்குனாங்கதான?"

"தூங்குனாங்க."

அவள் அளவை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். நான் கதவோரம் நாற்காலியில் இருந்தேன். மெஷின் கொத்த ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். மங்கை செடிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு வார்த்தையில் சிக்கிக்கொண்டாள். "மூக்கு, மூக்கு, மூக்கு" என்றாள். நான் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வலதுகை மெல்ல மேலே எழுந்து விறைத்து நின்றது. முகம் ஒரு பக்கமாக இழுத்தது. அப்புறம் உடம்பு முழுக்க நாற்காலியோடு குலுங்கியது.

ஜெசிந்தா சுருளைத் தள்ளிவிட்டு மெஷினை அணைத்தாள். மங்கையை ஒருக்களித்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "டாக்டர்! டாக்டரக் கூப்பிடுங்க சார்!" என்று கத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை. நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். வலிப்பு ஒன்றரை நிமிடம் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். மங்கையின் வாயிலிருந்து ரத்தம் கலந்த நுரை ஜெசிந்தாவின் கைமேல் வழிந்தது. நாக்கைக் கடித்திருந்தாள்.

டாக்டர் கமருன்னிசா எல்லாம் அடங்கிய பிறகு என்னிடம் வந்தார். "நேத்து தூக்கம் எப்படி சார்?"

"ஷீட்ல இருக்கே டாக்டர்" என்றேன்.

ஜூலை 10, புதன்

மங்கையை உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டார்கள். வலிப்பால் பாதிப்பு இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆனால் கண்விழித்ததிலிருந்து அவள் அடங்கவில்லை. வார்டில் எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கப் போகிறாளாம். ஊசி போட வந்த நர்ஸை அறைந்துவிட்டாள். அவளுக்கு வந்திருப்பது மேனியா, அந்தப் பக்கத்து ஓட்டம்தான் என்று டாக்டர் சொன்னார். ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லையாம்.

"திடீர்னு இப்படி ஏறாதே சார். வீட்டுல ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணும் தெரியல டாக்டர்."

இதே வாக்கியத்தை நான் முன்பும் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

மெஷின் அறை பூட்டிக் கிடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த டீக்கடையில் ஜெசிந்தாவைப் பார்த்தேன். சீருடையில் இல்லை. விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். அளவைக் கூட்டி வைத்துவிட்டாள் என்று சந்தேகம். இன்று விளக்கக் கடிதம் கொடுக்க வந்திருக்கிறாள்.

"சார், அக்கா எப்படி இருக்காங்க? என்னை உள்ள விட மாட்டேங்குறாங்க."

"இருக்காங்கம்மா."

"நான் அளவு சரியாத்தான் வச்சேன் சார். ரெண்டு தடவை பாத்தேன், நீங்களும் பாத்தீங்கல்ல? தூக்கமும் சரியா இருந்துச்சு, எல்லாமே சரியா இருந்துச்சு. அப்புறம் ஏன் சார் வந்துச்சு? நான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன். என்னன்னுதான் தெரியல. அதையேதான் யோசிச்சுட்டிருக்கேன்."

"எனக்கும் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரிக்காரன் திட்டினான்.

ஜூலை 15, திங்கள்

பாம்பன். எழுதப் போவதில்லை என்று எழுதியிருந்தேன்.

பத்து வருடம் முன்பு. நான் அங்கே வானிலை நிலையத்தில் இருந்தேன். ஆதிரைக்கு ஐந்து வயது. ஒரு நாள் காலை மங்கை குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கடலுக்குள் நடந்து போனாள். கடலுக்கு நடுவில் பூக்கிற செடி ஒன்றைக் காட்டப் போகிறாளாம். கழுத்தளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தவர்களை வலை போட வந்த இரண்டு பேர் பார்த்து இழுத்து வந்தார்கள். குழந்தை தண்ணீர் குடித்திருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. மங்கையின் அக்கா திலகவதி தஞ்சாவூரிலிருந்து ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக் கேட்டார், "உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா மாப்ள?" திடீரென்று வந்துவிட்டது என்றேன்.

திடீரென்று வரவில்லை. அதற்கு முன்னால் பதினைந்து நாள் மங்கை தூங்கவில்லை. பாடினாள், வீட்டுச் சுவர் முழுக்க மீன் வரைந்தாள், நான் டூட்டி முடிந்து வரும்போது பாலத்து முனையில் வந்து நிற்பாள். இவ்வளவு சந்தோஷமான பெண் எனக்கு மனைவியாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அப்போது அந்த நோயின் பெயர் தெரியாது என்று பத்து வருடமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். இந்தத் தடவை பெயர் தெரியும். தாளும் கையில் இருந்தது.

ஜூலை 17, புதன்

இன்று சொல்லிவிட்டேன்.

டாக்டரின் அறைக்குப் போனேன். ஜெசிந்தாவும் வந்தால் நல்லது என்று முதல் நாளே போனில் கேட்டிருந்தேன். வந்து ஓரமாக நின்றாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"நான் தாள்ல எழுதுனது பொய் டாக்டர். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "எத்தன நாள்?"

"பன்னெண்டு. ஜூன் இருபத்தெட்டு, அஞ்சு மணி நேரம். இருபத்தொம்பது, நாலரை. முப்பது, நாலு. ஜூலை ஒண்ணு தெரியாது, நான் வீட்டுல இல்ல. ஆனா தூங்கிருக்க மாட்டா. ரெண்டாம் தேதி மூணே முக்கா. மூணாம் தேதி மூணு. நாலாம் தேதி மூணு. அஞ்சாம் தேதி மூணரை. ஆறாம் தேதி ரெண்டு. ஏழு, ஒண்ணரை. எட்டாம் தேதி இல்ல. ஒம்பது..." நிறுத்தினேன். "ஒம்பதாம் தேதியும் இல்ல."

எல்லாம் மனப்பாடமாக இருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். குறித்து முடித்த பிறகும் தலை நிமிரவில்லை.

"அப்ப டெய்லி பாத்துட்டு இருந்திருக்கீங்க."

"ஆமா."

"ஏன் சார்?"

"அவ நல்லா இருந்தா டாக்டர்."

அப்புறம் டாக்டர் மெதுவான குரலில் சொன்னார். "இத நீங்க தெரிஞ்சுக்கணும். ட்ரீட்மென்ட் வேலை செஞ்சுச்சு. ஜூன் கடைசியிலயே அவங்க சோர்வுலருந்து வெளிய வந்துட்டாங்க. அஞ்சு மணி நேரம்னு அன்னைக்கு எழுதியிருந்தா, நான் அங்கயே நிறுத்திருப்பேன், லித்தியத்தப் பாத்திருப்பேன். இந்நேரம் அவங்க பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு இருந்திருப்பாங்க."

ஜெசிந்தா அழுதாள். நான் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெளியே வந்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அன்னைக்குக் காலையில நான் உங்கள்ட்ட நேராக் கேட்டேன்ல சார்?" பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஆதிரையிடமும் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

ஜூலை 24, புதன்

ஜெசிந்தாவை வேலையில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். நான் வாசலில் நின்றால் அவள் வேறு வழியாகப் போகிறாள்.

மங்கை அடங்கி வருகிறாள். மருந்தால் நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது. ஒன்பது மணி நேரம் தூங்குகிறாளாம். நர்ஸ் சொன்னார். இப்போது என்னிடம் யாரும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்ததும் மங்கை கட்டிலில் உட்கார்ந்து, சுற்றிக் கிடந்த பேப்பர்களையும் உள்ளே காய்ந்துபோன செடிகளையும் பார்த்தாள். சோர்வு முழுதாகத் திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னார். எழுந்து நடக்கிறாள், தானே குளிக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சிரிக்கவில்லை. காந்தச் சிகிச்சை இப்போதைக்குக் கிடையாது.

"டாக்டரம்மா எல்லாத்தையும் சொன்னாங்க" என்றாள்.

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆதிரை முட்டியில அந்தக் காயம். நான் பண்ணதா?"

"விழுந்துட்டா."

"நெசத்தச் சொல்லுங்க."

சொன்னேன். ரயில் ஹாரனைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று, "பாம்பன்லயும் உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றாள்.

பத்து வருடத்தில் இதை அவள் கேட்டதே இல்லை. இந்த ஒரு கேள்விக்காவது உண்மையைச் சொன்னேன்.

மங்கை பக்கத்தில் கிடந்த காய்ந்த செடி ஒன்றைப் பேப்பரோடு மடித்து வைத்தாள். குரல் உயரவில்லை. "என்னைத் தஞ்சாவூர்ல அக்கா வீட்டுல விட்டுருங்க. எனக்கு இது திரும்ப வரும். வராம இருக்காது. அப்ப, நான் கெட்டுப் போறதப் பாத்து சந்தோஷப்படாத ஆளு ஒருத்தர் பக்கத்துல வேணும்."

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பஸ் முழுக்கப் புதுச்சேலையும் பூவுமாக ஆற்றுக்குப் போகிற கூட்டம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், காவிரி இருகரையும் தொட்டுப் போகிறது. மங்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. ஆதிரை அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இனி சனி, ஞாயிறுகளில் அவள் தஞ்சாவூரில் இருப்பாளாம். அதை என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

திலகவதி அண்ணி வாசலில் நின்றிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாத்திரைப் பையை வாங்கி, ஒவ்வொரு அட்டையாக எடுத்துத் தேதியைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன்.

கிளம்பும்போது மங்கை கேட் வரை வந்தாள். "அடுத்த வாரம் வாங்க" என்றாள். நான் தலையாட்டினேன். கேட்டைப் பிடித்தபடி என் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டாள்:

"அந்தப் பன்னெண்டு நாளு உங்களுக்குத் திரும்ப வேணுமா?"

"வேண்டாம் மங்கை" என்றேன். "சத்தியமா வேண்டாம்."

நம்பினாளா தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஆதிரையையும் அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் யாரோ சிரிக்கிறார்கள். மணலில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிய அந்த மஞ்சள் சேலைக்காரி நோயாளி என்று எனக்குத் தெரியும். ஓடும்போதே தெரியும். இன்று அதே சேலையில் கதவைத் தட்டினால் திறப்பேன். யாருக்கும் போன் செய்ய மாட்டேன்.